நகையை யார் உரசிப் பார்ப்பது? கீழ்வேளூரில் இருந்து ஓர் ஆயிரம் வருஷத்துக் கதை

(எபிசோடின் பேச்சு வடிவம், படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் நகை பத்தி. பயப்படாதீங்க, எந்தக் கடையில ஆஃபர் ஓடுதுன்னு சொல்லப் போறது இல்லை.

போன்ல ஒரு ஜிமிக்கி படம் வருது. வெள்ளைத் துணி மேல வச்சு நல்ல வெளிச்சத்துல எடுத்த படம். கீழே 22 கேரட், 916 அப்படின்னு எழுதியிருக்கு. கடை எங்கேயோ ஓர் ஊர்ல இருக்கு. பணம் கட்டினா நாலு நாள்ல வீட்டு வாசலுக்கு வரும். இது நிஜமான தங்கமா? சொன்ன தரம் இருக்கா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையம் வந்த பிறகுதான் இந்தக் கேள்வி வந்தது என்று நமக்குத் தோணும். ஆனா காவிரி டெல்டாவில் இந்தக் கேள்விக்குக் குறைந்தது ஆயிரம் வருஷ வயசு. அதுக்கு நம்ம ஊர்க்காரங்க கண்டுபிடிச்ச பதில்களும் அதே அளவு பழசு. அந்தப் பதில்களை வரிசையா வச்சுப் பார்த்தா எனக்கு ஒரு விஷயம் தெரியுது. தங்கத்தோட தரத்தை வெறும் கண்ணால முடிவு பண்ணலாம்னு யாரும் எப்பவும் நம்பினதே இல்லை. வாங்குறவர், விற்கிறவர், இந்த ரெண்டு பேரையும் தாண்டி மூணாவதா ஒருத்தர் வேணும். அந்த மூணாவது ஆளை எப்படி உருவாக்குறது, அவரையே எப்படிக் கண்காணிக்கிறது? நகைத் தரத்தோட வரலாறு இதைச் சுத்தித்தான் நடந்திருக்கு.

ஏன் கீழ்வேளூர்?

திருவாரூரில் இருந்து நாகப்பட்டினம் போகிற ரயில் பாதையில் கீழ்வேளூர் வரும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. ஊர் நடுவே கேடிலியப்பர் கோயில், உயரமான மாடக்கோயில். சுற்றிலும் நெல் வயல்.

இந்த மாதிரி ஊர்ல நகைங்கிறது அலங்காரம் மட்டும் இல்லை. சம்பா சாகுபடி தொடங்குற நேரத்துல விதைநெல், உழவு, நடவுக் கூலி, உரம் எல்லாத்துக்கும் ஒரே சமயத்துல காசு வேணும். நெல்லு வித்த பணம் தை, மாசியிலதான் கைக்கு வரும். நடுவுல இருக்கிற மாசங்களைத் தாண்ட உதவுறது பல வீடுகள்ல அம்மாவோட சங்கிலி, அக்காவோட வளையல். அது கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ போகும். அறுப்பு முடிஞ்சா திரும்பி வரும். மறுவருஷம் மறுபடியும் போகும்.

அதனால இங்கே ஒரு நகை போலின்னு தெரியவர்ற இடம் பெரும்பாலும் அடகு கவுண்டர்தான். அது தெரியும்போது நடவுக்கு ஆள் சொல்லியாச்சு, ஆத்துல தண்ணி வந்தாச்சு. சென்னையிலயோ பெங்களூருலயோ உட்கார்ந்து நாம ஆன்லைன்ல வாங்கி அம்மாவுக்கு அனுப்புற ஒரு பவுன் செயின், அங்கே ஒரு பருவத்தோட முதலீடா மாறலாம். இதை மனசுல வச்சுக்கிட்டு வரலாற்றுக்குள்ள போவோம்.

யாரும் திறந்து பார்க்காத சிலம்பு

கீழ்வேளூருக்கு வடக்கே, காவிரி கடல்ல கலக்கிற இடத்துல பூம்புகார். அங்கிருந்து கிளம்பின கோவலன் மதுரையில் ஒற்றைச் சிலம்பை விற்கப் போன கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கதையை ஒரு நகை மதிப்பீட்டாளரோட கண்ணால பாருங்க.

வெளியூர்க்காரர் ஒருத்தர் விலை உயர்ந்த நகையோட வர்றார். பொருளை மதிப்பிட வேண்டிய ஆள் அரண்மனைப் பொற்கொல்லர். ஆனா அரசியோட சிலம்பைத் திருடினவரும் அவரேதான். அதாவது சோதிக்க வேண்டியவருக்கே அந்த முடிவுல ஆதாயம் இருக்கு. அவர் சொன்னதை அரசன் நம்பினான். சிலம்பை யாரும் திறந்து பார்க்கவில்லை. கண்ணகி வந்து உடைத்த பிறகுதான் அவளுடைய சிலம்பில் மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பில் முத்துப் பரல் என்று தெரிந்தது. சோதனை நடந்தது, ஆனா ஓர் உயிர் போன பிறகு.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. அறிவு இல்லாமல் இந்தத் தப்பு நடக்கவில்லை. அதே சிலப்பதிகாரம் மதுரையின் ரத்தினக் கடைத்தெருவை விவரிக்கும்போது, வைரத்தில் பார்க்க வேண்டிய நான்கு குற்றங்களைப் பேர் சொல்லிப் பட்டியல் போடுகிறது. தங்கத்தில் ஆடகம், கிளிச்சிறை, சாம்பூநதம், சாதரூபம் என்று நான்கு வகை சொல்கிறது. இவ்வளவு தெரிஞ்ச ஊர்ல, பாரபட்சம் இல்லாத ஒரு ஆள் அன்னைக்கு நடுவுல இல்லை. அவ்வளவுதான் குறை.

குறையையும் எழுதி வைத்த ராஜராஜன்

காப்பியத்தில் இருந்து கணக்குக்கு வருவோம். தஞ்சாவூர் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் தானும், தன் அக்கா குந்தவையும், தன் மனைவியரும், மற்றவர்களும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொன்னான். இது 1010-ஐ ஒட்டிய காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் இவற்றைப் படித்துப் பதிப்பித்தார். அதில் நகைப் பட்டியல் பக்கம் பக்கமாக வருகிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்தா இன்னைக்கு ஒரு நல்ல ஆன்லைன் கடை போட வேண்டிய விவரக் குறிப்பு மாதிரியே இருக்கும். நகையின் பெயர், அதில் எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், எத்தனை முத்து, மொத்த எடை, காசுக் கணக்கில் விலை. எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நுணுக்கமாகப் போகிறது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றிமணியும் மஞ்சாடியும் விதைகள். விதைக்கு விதை எடை கொஞ்சம் மாறும், இல்லையா? அதனால் கோயில் தனக்கென்று எடைக்கல் வைத்திருந்தது. தங்கத்துக்கு ஆடவல்லான் என்ற கல், ரத்தினங்களுக்கு தட்சிணமேரு விடங்கன் என்ற கல். ரெண்டுமே கோயில் இறைவனோட பேர்கள். எடையில ஏமாத்தினா சாமியை ஏமாத்தினதா ஆகும்.

தரத்துக்கும் ஓர் அளவுகோல் இருந்தது. அதன் பெயர் தண்டவாணி. தங்கத்தைக் கல்லில் உரைத்து, இந்த அளவுகோலுக்கு இத்தனை குறைவு என்று மாற்றுக் கணக்கைக் குறித்திருக்கிறார்கள். நகையை நிறுக்கும்போது கோத்த சரடு, சட்டம், செப்பாணி எல்லாவற்றையும் நீக்கி நிறுத்ததாகச் சொல்கிறார்கள். சில நகைகளில் உள்ளே வைத்த அரக்கையும் சேர்த்து நிறுத்திருந்தால், சேர்த்து என்றே எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது குறைகளோட பட்டியல். சாமிக்கு அரசனே கொடுத்த நகை. ஆனாலும் வைரங்களில் புள்ளி இருக்கிறது, கீறல் இருக்கிறது, சிவப்புப் பொட்டு, கறுப்புப் பொட்டு, வெந்தது போன்ற தழும்பு இருக்கிறது என்று கல்வெட்டு சொல்கிறது. முத்துக்களில் வட்டமானது, அனுவட்டம், கரடு, இரட்டை என்று வகை பிரித்திருக்கிறார்கள். குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று முத்தின் ஒளியைக்கூட விட்டுவைக்கவில்லை. பின்னால் ஒருநாள் பண்டாரத்தில் யாராவது நல்ல முத்தை எடுத்துவிட்டுக் கரடு முத்தை வைத்தால், சுவரைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். குறையைச் சொல்வதுதான் பொருளுக்கு அடையாள அட்டை.

உரசுறவரை யார் கண்காணிப்பது?

இப்ப டெல்டாவை விட்டு வடக்கே, காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோம். குடவோலைத் தேர்தலுக்காக நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிஞ்ச ஊர். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அந்த ஊர்ச் சபை இன்னொரு ஏற்பாடும் செய்தது. ஊருக்காகப் பொன்னைச் சோதிக்க ஒரு குழு.

குழுவில் இருப்பவர்கள் வரி கட்டுகிறவர்களாக, பொன் பார்க்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஊரின் வெவ்வேறு பிரிவுகளில் இருந்து ஆட்களை எடுக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும். அடுத்து வருது பாருங்க, அதுதான் அழகு. கல்லில் உரைக்கும்போது கொஞ்சம் பொன் துகள் கல்லிலேயே ஒட்டும். அதை மெழுகால் ஒற்றி எடுப்பார்கள். ஒரு நகைக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் வருஷம் முழுக்க ஊர்த் தங்கத்தை உரசினால் அந்த மெழுகிலேயே ஒரு நகைக்கான தங்கம் சேர்ந்துவிடும். அதனால் அந்த மெழுகைச் சோதிக்கிறவர்கள் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, ஏரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று சபை விதி போட்டது. சோதிக்கிற வேலைக்குத் தனியாகச் சம்பளம் உண்டு.

யோசிச்சுப் பாருங்க. மதுரையில இல்லாமப் போன அந்த மூணாவது ஆளை இந்த ஊர் உருவாக்கியிருக்கு. அவருக்குச் சம்பளம் கொடுத்து, அவர் கைக்கும் ஒரு வேலி போட்டிருக்கு.

கடல் தாண்டி வந்த தங்கம்

மறுபடி கீழ்வேளூர் பக்கம் வருவோம். கிழக்கே கொஞ்ச தூரத்தில் நாகப்பட்டினம், சோழர் காலத்தின் பெரிய துறைமுகம். அங்கே காயாரோகணசுவாமி கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஸ்ரீவிஜய அரசனின் முகவரும், கிடாரத்து அரசனின் முகவரும் கோயிலுக்குக் கொடுத்தவை அவற்றில் பதிவாகியிருக்கின்றன. அப்படிக் கொடுத்ததில் ஒன்று சீனக் கனகம், அதாவது சீனத் தங்கம்.

கொடுத்தவர் கடலுக்கு அந்தப் பக்கம். பொருள் கப்பலில் வருகிறது. நேரில் நிற்பது முகவர் மட்டும். இன்றைய இணைய வியாபாரத்தின் அமைப்பு கிட்டத்தட்ட இதேதான். முகம் தெரியாதவரிடம் இருந்து வந்த பொன்னையும் வகைப் பெயர் சொல்லி, நிறுத்து, கோயில் சுவரில் எழுதிவிட்டார்கள். தூரம் அதிகமானா எழுத்தும் அளவும் அதிகமாகணும். இது துறைமுக ஊருக்கு நல்லாத் தெரிஞ்ச பாடம்.

பவுன் என்ற வார்த்தைக்குள் ஒரு உத்தரவாதம்

வெள்ளைக்காரர் காலத்தில் இன்னொரு மூன்றாவது ஆள் வந்தார், ஒரு நாணயமாக. பிரிட்டனின் சாவரின் என்ற தங்க நாணயம் 22 கேரட், எடை 8 கிராமுக்குச் சற்றே குறைவு. எந்த ஊரில் பார்த்தாலும் அதே எடை, அதே தரம், அரசாங்கத்தின் முத்திரை. நம்ம சவரன் அந்தப் பேர்தான். பவுனும் இங்கிலீஷ் பணத்தோட பேர்ல இருந்து வந்ததுதான். இன்றைக்கு 8 கிராம் என்றால் ஒரு பவுன். நாணயத்தையே கோத்துக் காசுமாலை போட்டவர்களுக்கு அழகோடு சேர்த்து ஒரு நிம்மதியும் கிடைத்தது. ஒவ்வொரு காசிலும் முத்திரை இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு சில வருஷம் எல்லாம் குழம்பியது. 1963-இல் மத்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்து, 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றது. பல பத்தர்களின் பிழைப்பு போனது. 14 கேரட் கட்டுப்பாடு 1966-இல் விலகினாலும், 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 1990 வரை இருந்தது. அந்தக் காலம் முழுக்க நம்பிக்கை ஒரே இடத்தில்தான் இருந்தது, நமக்குத் தெரிந்த பத்தர். அவர் பல வீடுகளுக்குத் தலைமுறை தலைமுறையாக நேர்மையாகச் செய்து கொடுத்தார். ஆனால் செய்பவரும் அவரே, தரம் சொல்பவரும் அவரே. நல்லவராக இருந்தால் சரி, இல்லாவிட்டால் கேட்க ஆளில்லை.

ஆறு எழுத்து வாரியம்

2000-இல் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பு தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரையைத் தொடங்கியது. அப்போது அது விருப்பம் சார்ந்தது. 2021 ஜூனில் முதல் கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமானது. அடுத்த மாதமே எச்யுஐடி வந்தது. ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகையை இந்த ஆறு இலக்கம் இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது.

ராஜராஜன் சுவர்ல வெட்டினதை இப்போ லேசர் நகையிலேயே வெட்டுது. பிஐஎஸ் முக்கோண முத்திரை, 22 கேரட் 916 மாதிரி தரக் குறி, அப்புறம் ஆறு இலக்கம். இதுல உங்களுக்கு நேரடியாப் பயன்படுறது என்னன்னு சொல்றேன்.

பார்சல் வந்ததும், பிரிக்கிறதை வீடியோ எடுங்க. நகையில இருக்கிற ஆறு இலக்கத்தை லென்ஸ் வச்சுப் படிங்க. படத்துல இருந்த இலக்கமோ பில்லுல இருக்கிற இலக்கமோ போதாது, உங்க கையில இருக்கிற பொருள்ல இருக்கணும். அதை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்தக் கடை, எந்தச் சோதனை மையம், என்ன வகை நகை, என்ன தரம்னு காட்டும். உங்க கையில ஜிமிக்கி, ஆப்ல மோதிரம்னு வந்தா, உடனே நிறுத்துங்க.

ஆனா ஆப் சரின்னு சொன்னதோட வேலை முடியலை. ஒரு நல்ல நகையோட இலக்கத்தை இன்னொரு நகையில பொறிக்க முடியும். சந்தேகம் இருந்தா பிஐஎஸ் அங்கீகரித்த சோதனை மையத்துக்கு நீங்களே நகையைக் கொண்டுபோய்ச் சின்னக் கட்டணத்துல பரிசோதிக்கலாம். அங்கே எக்ஸ்ரே கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும், கனமா முலாம் பூசினதைத் தங்கம்னு சொல்லிடலாம். உரைகல்லுக்கும் இதே பலவீனம் உண்டு. உறுதியான பதில், கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்து, உருக்கி, நெருப்பில் சோதிப்பதில்தான் கிடைக்கும். ஹால்மார்க் போட்ட நகையில தரம் குறைஞ்சிருந்தா, குறைஞ்ச தங்கத்தோட மதிப்பைப் போல ரெண்டு மடங்கும், சோதனைக் கட்டணமும் வாங்குறவருக்குக் கிடைக்கணும்னு 2018 பிஐஎஸ் விதிகள் சொல்லுது.

விதிவிலக்குகளும் தெரிஞ்சிருக்கணும். 2 கிராமுக்குக் கீழே இருக்கிற நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. மூக்குத்தியும் குட்டிக் கம்மலும் பெரும்பாலும் இந்தக் கணக்குல வந்துடும். ஆண்டுக்கு 40 லட்சத்துக்குள்ள வியாபாரம் பண்ற சின்ன நகைக்காரருக்கும் கட்டாயம் இல்லை. அதனால ஊர்ப் பத்தர் செஞ்ச மோதிரத்துல முத்திரை இல்லைன்னா அவரைத் திருடர்னு சொல்லிடாதீங்க. ஆனா முகம் தெரியாத இணையக் கடையில முத்திரை இல்லாத குட்டி நகையை வாங்குறீங்கன்னா, அங்கே மூணாவது ஆளே கிடையாது. ரசீது, திருப்பி எடுக்கும் விதி, விற்பவரோட முழு முகவரி, இதை மட்டும் நம்பித்தான் வாங்குறீங்க.

எடையிலயும் தஞ்சாவூர்க் கணக்கைக் கேளுங்க. மொத்த எடை எவ்வளவு, கல்லையும் அரக்கையும் நீக்கினா தங்க எடை எவ்வளவு? ரெண்டும் தனித்தனியா எழுதியிருக்கணும். ஒரு கிராம் தங்கம் என்ற பேர்ல விற்கிறது முலாம் பூசின நகை. சிதம்பரம் கவரிங் மாதிரி, அதை அதுன்னு சொல்லி வித்தா அதுல தப்பே இல்லை. ஒரு கிராம் எடையுள்ள தங்க நகைன்னு நினைச்சு வாங்கினாத்தான் வம்பு.

வைரம்னா, ஆய்வகச் சான்றிதழ் எண்ணை அந்த ஆய்வகத்தோட இணையதளத்துலயே போய்ச் சரிபாருங்க. வீட்டுல வச்சிருக்கிற வெப்பச் சோதனைப் பேனாவை மட்டும் நம்ப வேண்டாம். மாய்சனைட் என்ற கல் வைரம் மாதிரியே வெப்பத்தைக் கடத்தும், அந்தப் பேனா ஏமாந்துடும்.

பிரச்சினை வந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2020-இன் மின்வணிக விதிகள்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள்ள பெற்றதா ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும்.

மெழுகு இன்னைக்கு எங்கே இருக்கு?

கடைசியா ஒண்ணு. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் 40 கிராம் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியைச் சட்டமன்றத்தில் அறிவித்தது. அதையொட்டிச் சங்கங்களின் பெட்டகங்களைத் திறந்து பார்த்தபோது, சில இடங்களில் போலி நகைகள் அடகில் இருந்தது தெரியவந்தது. அதாவது மதிப்பீட்டாளர் இருக்கிற இடத்திலேயே போலி உள்ளே போயிருக்கிறது. மூன்றாவது ஆள் இருந்தால் மட்டும் போதாது என்று உத்திரமேரூர் சபை பத்தாம் நூற்றாண்டிலேயே சொன்னது இதைத்தான்.

அதனால ஆப், முத்திரை, சான்றிதழ் எதையும் நான் சாமி மாதிரி கும்பிடச் சொல்லலை. அவங்களையும் அப்பப்போ சரிபார்க்கிற வேலை நம்மளோடது. உங்க வீட்டுல ஆன்லைன்ல வாங்கின நகை இருந்தா இந்த வாரம் ஒரு தடவை அந்த ஆறு இலக்கத்தைப் போட்டுப் பாருங்க. ஊர்ல இருக்கிற அம்மா, அத்தை போன்லயும் அந்த ஆப்பை ஏத்திக் கொடுத்து, எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்லிக் கொடுங்க. ஆடி மாசத்துல அடகு வைக்கப் போறது அவங்கதான். கவுண்டர்ல நிற்கும்போது அந்த நகை என்ன தரம்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.